நூலுருண்டைக்குப் பின்னால் போனவள்

கார்னியா மலை, இத்தாலி,
1916 மே 15, திங்கள்.

அன்புள்ள என் வீட்டுக்காரர் ஒஸ்வால்டோவுக்கு, ஓர்சொலா எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் உங்கள் கையெழுத்து கோழி கிளறினது போல் இருந்ததால் பங்குச் சாமியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கடைசி நாலு வரி எனக்கு மட்டும் எழுதியது என்று எனக்கு எப்படித் தெரியும்? சாமியார் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் தங்கை ரோமில்டா சும்மா விடுவாளா? "அதையும் படிங்க சாமி, எங்கண்ணன் அப்படி என்ன பாவத்த எழுதிட்டாரு?" என்று கேட்டு அவர் காதைச் சிவக்க வைத்துவிட்டாள். இனிமேல் அந்த மாதிரி வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மார்ச்சில் குண்டு விழுந்து ரோமில்டா வீட்டுக் கூரை போனதிலிருந்து அவளும் மூன்று பிள்ளைகளும் நம் வீட்டில்தான். தினமும் காலையில் நாங்கள் இரண்டு பேரும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மேலே பதுங்குகுழிக்குக் குண்டும் ரொட்டியும் சுமக்கிறோம். கோவேறு கழுதை ஏற மாட்டேன் என்ற பாதை. கழுதைக்காவது லாடம் அடிக்கிறார்கள், எங்களுக்குத் துணிச்செருப்புதான். நாலு மணி நேர ஏற்றம். கை சும்மாதானே இருக்கிறது என்று நம் ஊர்ப் பெண்கள் காலுறை பின்னிக்கொண்டே ஏறுவது உங்களுக்குத் தெரியாததா?

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ரோமில்டாவின் வீட்டுக்காரர் காண்டிடோ அங்கே உங்கள் பக்கத்தில் இருந்தால் இதை மடித்துக்கொண்டு தனியாகப் போய்ப் படியுங்கள்.

வியாழக்கிழமை கடைசி வளைவில் மூச்சு வாங்க நின்றோம். அதுவரைக்கும் பாறை மறைப்பு. அதைத் தாண்டினால் வெறும் பனி, எதிர்ப்பக்கத்து ஆஸ்திரியாக்காரன் கண்ணுக்கு நேரே. ரோமில்டாவின் ஏப்ரனிலிருந்து நூலுருண்டை நழுவிப் பனியில் உருண்டது. தூரமெல்லாம் இல்லை, எட்டு அடி இருக்கும். காண்டிடோவின் இரண்டாவது காலுறைக்கு வைத்திருந்த நூல்.

நான்தான் சொன்னேன், "ஓடிப் பிடிடி! இல்லேன்னா உன் புருஷன் ஒத்தக் காலுறையோடதான் சண்ட போடணும்!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

காய்ந்த கிளை ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். அவள் அப்படியே உட்கார்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "எந்திரிடி, நடிச்சது போதும்" என்று அதற்கும் ஒரு கேலி பேசினேன். அந்த நூல் சாம்பல் நிறம். கொஞ்ச நேரத்தில் அது அந்த நிறத்தில் இல்லை.

நாலு பேர் தூக்குப்படுக்கையில் வைத்து இறக்கினோம். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "அண்ணி, ஊசியப் பத்திரமா எடுத்துக்கோங்க, பின்னல் அவுந்துரும்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை ராணுவ ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். சிப்பாய்கள் வரிசையில் நின்று சல்யூட் அடித்துப் புதைத்தார்கள். அதைப் பார்த்திருந்தால் அவள் சிரிப்பை அடக்கியிருக்க மாட்டாள்.

அன்றோடு என் வாய் அடங்கிவிட்டது என்று எழுத ஆசை. அதுவும் பொய். நேற்று அவள் சின்னவள் பீனா சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஏதோ கேலி சொன்னேன், சிரித்துவிட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

காண்டிடோவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு, உட்கார வைத்துச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்த வார்த்தையையும் விடாமல் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டு அவர் முகத்தில் நான் விழிக்க முடியாது. பிள்ளைகள் மூன்றும் என்னோடுதான் படுக்கிறார்கள், என்னோடுதான் இருப்பார்கள் என்றும் சொல்லுங்கள். இரண்டு பேரும் எதற்காகவும் குழியை விட்டுத் தலையை நீட்டாதீர்கள். எது உருண்டு போனாலும் போகட்டும். மாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஓர்சொலா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன், சுமை வாங்கும் ராணுவக் கிடங்குக்குப் போனேன். சுமை தரவில்லை. எங்கள் ஒவ்வொருத்திக்கும் எண் போட்ட சிவப்புக் கைப்பட்டை உண்டு. வியாழக்கிழமை அவசரத்தில் என்னுடையதை அவளும் அவளுடையதை நானும் கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். "பதினேழாம் நம்பர் செத்துப்போச்சும்மா" என்றான் பதிவேட்டுச் சிப்பாய். நான்தான் பதினேழு என்றேன். "அப்ப செத்தது நீங்கதான்" என்றான். நான் செத்ததாக உங்களுக்கு அறிவிப்பும் போய்விட்டதாம். அது இந்தக் கடிதத்தை முந்தியிருந்தால், காண்டிடோ உங்கள் தோளில் கைபோட்டுத் தேற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கையை உடனே விட்டுவிடாதீர்கள்.

பதிவேட்டில் என்னை உயிரோடு எழுத ஒரு வாரம் ஆகுமாம். வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தேன்.