பலக்கோடு இல்லாத ஆட்டம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து கத்தியதில் தொண்டை புண்ணாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் தனியாக நின்றுகொண்டு, நடக்காத மல்யுத்தத்துக்கு வர்ணனை சொல்வது எத்தனை வருடமானாலும் கூச்சம்தான். தொலைக்காட்சியில் சொல்லும்போது எதிரே மேடை இருக்கும், வியர்வை நாற்றம் இருக்கும். இங்கே ஒரு மைக்கும் வெந்நீரும்.

வீடியோ விளையாட்டின் இந்த வருடப் பதிப்பில் நிறைய மாற்றங்களாம். ஒலிப்பதிவைக் கவனிக்கும் குஜிராய் அம்மா உட்காரவைத்துச் சொன்னார்.

"சார், திரைக்கு மேல இருந்த பலக்கோட்டை எடுத்துட்டோம். யாருக்கு எவ்வளவு தெம்பு மிச்சம்னு இனிமே கோடு காட்டாது. நடையப் பாத்து, மூச்சப் பாத்து, உங்க குரலக் கேட்டுத்தான் ஆடறவங்க கண்டுபிடிக்கணும்."

"என் குரலையா?"

"ஆமா. நீங்க 'கழுத்து'ன்னு கத்தினா அவன் கழுத்து போச்சுன்னு அர்த்தம். அங்கயே போட்டு அடிப்பாங்க."

ரயிலில் வரும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இத்தனை காலம் கோடு செய்த வேலையை இனி இந்த ஹமுரோவின் தொண்டை செய்யும்.

பிப்ரவரி 6, வியாழன்

பக்கத்துக் கூடத்தில் மல்யுத்த வீரன் இசுருகி. உடம்பை ஒட்டிய கறுப்பு உடை, அதில் பொட்டுப் பொட்டாக மின்னும் உருண்டைகள். அவன் அசைவைப் பதிவு செய்யச் சுற்றிலும் காமிராக்கள். விழச் சொன்னால் விழுகிறான், எழச் சொன்னால் எழுகிறான். விளையாட்டில் எல்லா வீரர்களும் இவன் விழுவதைப் போலத்தான் விழப்போகிறார்கள்.

இவனுடைய முதல் ஆட்டத்துக்கு நான்தான் வர்ணனை. பயத்தில் எதிராளியை விட்டுவிட்டு நடுவரைப் பிடித்துத் தள்ளினான். அதை இன்னமும் சொல்லிக்காட்டுவேன்.

"அண்ணே, அந்த நடுவர் இன்னைக்கும் என்னைக் கண்டா ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறாரு" என்று அவனே சிரிப்பான்.

மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். குச்சியால் மீனை எடுக்கிறான், நழுவுகிறது. மறுபடி எடுக்கிறான், குச்சியே நழுவுகிறது. "மீனுக்கு இன்னும் உயிர் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் கரண்டி கேட்டான். அவன் இடது கைக்காரன்.

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 13, வியாழன்

இன்று முழுக்க ஒரே சொல். கழுத்து, கழுத்து, கழுத்து. பதறி, அலறி, கிசுகிசுத்து.

பிப்ரவரி 20, வியாழன்

கேட்டேவிட்டேன். வாகனம் நிறுத்துமிடத்தில், அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு.

"இடது கை என்ன ஆச்சு?"

"மரத்துப் போகுதுண்ணே. வரும், போகும். ஜனவரி பிறந்ததுலேர்ந்து இப்படித்தான்."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனா அவரு வேண்டாம்பாரு. ஏப்ரல்ல பட்டம் எனக்குன்னு முடிவாயிருச்சு. பதினோரு வருஷம்ணே. தோக்கறதுக்குன்னே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க ஊர் ஊரா. ஒரே ஒரு ராத்திரி ஜெயிச்சுக்கறேனே. அப்புறம் நீங்க சொல்ற எந்த டாக்டர்ட்டயும் போறேன்."

மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். விழுவது அப்படியில்லை. முதுகு முழுவதும் தரையில் படும்படிதான் விழ வேண்டும், கழுத்தை மடக்கிக் கையால் தாங்கித்தான் விழ வேண்டும். கை இல்லாமல் எப்படித் தாங்குவான்?

"மைக்ல மட்டும் சொல்லிராதீங்கண்ணே" என்றான் போகும்போது.

மார்ச் 3, திங்கள்

குஜிராய் அம்மா அரைகுறையாக முடிந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினார். காமிரா மேடைக்குள்ளேயே இறங்கிச் சுற்றுகிறது. வியர்வை தெறிக்கிறது. என் குரல் "கழுத்து!" என்கிறது. திரையில் இருந்தவன் எழுந்து நின்றான். இடது கை தொங்கியது. தோள் முன்னே போக, கை ஒரு நொடி பிந்திப் போனது.

"எப்படி சார்? இசுருகி நடிச்சுக் காட்டினதுல இதுதான் பிரமாதம். எல்லாருக்குமே இதையே வச்சுட்டோம். கழுத்துல அடிபட்டா கை இப்படித்தான் தொங்கும்."

வேறொருவனை மாற்றினார். அவனுக்கும் தொங்கியது. முகமூடிக்காரனுக்கும், சிரித்துக்கொண்டே வரும் குண்டனுக்கும். வரிசையாக இசுருகியின் கை.

அவன் நடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெந்நீரை எடுத்துக் குடித்தேன்.

மார்ச் 5, புதன்

இசுருகியின் மனைவி மினேயைப் போய்ப் பார்த்தேன். அவன் பயிற்சிக்குப் போயிருந்த நேரம். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருக்கையில் அவளே ஆரம்பித்தாள்.

"கையப் பத்தித்தானே? எனக்குத் தெரியாதா? சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடறேன்."

"நீ சொன்னா கேக்க மாட்டானா?"

"சொல்லிப் பாத்தாச்சு. அழுது பாத்தாச்சு. எங்கம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தும் பாத்தாச்சு. 'பட்டத்து பெல்ட்டோட வந்து கூட்டிட்டுப் போறேன்'னு போன்ல சொன்னாரு. நீங்க போய்த் தலைவர்ட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மார்ச் 18, செவ்வாய்

மல்யுத்தக் குழுத் தலைவர் நெமோதோவிடம் சொன்னேன். கையிலிருந்த தேநீரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரே."

"நம்ம குழு மருத்துவர்தானே."

"ஹமுரோ, யாருக்குத்தான் எங்க மரத்துப் போகல? எனக்கு முட்டிக்குக் கீழ காலே இல்லாத மாதிரித்தான். அவன் முடியும்ங்கறான். நான் என்ன அவனுக்கு அப்பாவா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

நாளை பட்டத்துக்கான ஆட்டம். உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்துவிடலாமா? வேறு ஒருவர் சொல்லட்டும் வர்ணனையை. நான் பார்க்காவிட்டால் நடக்காமல் போய்விடுமா என்ன. போகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. எதிராளி கமேயாமா, நூற்றிருபது கிலோ, நல்ல பையன். திட்டம் எனக்குத் தெரியும். கடைசியில் கமேயாமா அவனைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகத் தலைகீழாக எறிவான். இசுருகி அதிலிருந்து எழுவான், எழுந்து ஜெயிப்பான்.

பாதி ஆட்டத்திலேயே சாதாரண எறிதல் ஒன்றில் தவறி விழுந்தான். எழுந்தபோது இடது கை தொங்கியது. நடுவர் குனிந்து ஏதோ கேட்டார், தலையாட்டினான். கமேயாமாவின் முகம் மாறிவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தில் இருக்கிறவன் ஆடத்தானே வேண்டும்.

காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளர் கத்துகிறார். "கையப் பத்திச் சொல்லுங்க சார்! சொல்லுங்க! அருமையா இருக்கு!"

என் வாய் சொன்னது. "கழுத்து!"

நான் சொல்ல நினைக்கவில்லை. ரெண்டு மாசமா அதையே கத்திக் கத்தி, வாய் தானா கத்திருச்சு. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. இசுருகி, இசுருகி என்று கால்களைத் தட்டுகிறார்கள். அழகாகத்தான் இருந்தது. சத்தியமாக, அழகாகத்தான் இருந்தது. கமேயாமா அவனைத் தூக்கினான். வலது கை கமேயாமாவின் தலையைப் பற்றியது. இடது கை காற்றில் ஈரத்துணி மாதிரி ஆடியது.

காதிலிருந்ததைக் கழற்றி எறிந்தேன். என் மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் ஆட்டத்தை முடிக்கும் மணி. மணிக்காரரின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

மணி கேட்டால் கை தளர வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். கமேயாமா நின்றான். தோளிலிருந்தவனை மெதுவாக, குழந்தையை இறக்குவதுபோல இறக்கிவிட்டான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஊளைச் சத்தம். பிறகு ஒரு காகிதக் கோப்பை என் தோளில் வந்து விழுந்தது.

இசுருகி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"கை தொங்குதுடா—"

"யார் கேட்டா உங்கள? பேசறதுதானே உங்க வேலை? பேசிட்டுப் போக வேண்டியதுதானே!" குரல் உடைந்துபோயிற்று. "பதினோரு வருஷம்..."

ஐயாயிரம் பேர் முன்னால் அழுதான். ஆட்டம் முடிவின்றி நிறுத்தப்பட்டது என்று அறிவித்தார்கள். என் வேலையை வேறு யாரோ மைக்கில் முடித்து வைத்தார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மினே தொலைபேசினாள். கழுத்தெலும்பு நரம்பை நசுக்கிக்கொண்டிருந்ததாம். அறுவை சிகிச்சை முடிந்தது. இனி மேடை ஏறவே கூடாது.

"இன்னொரு தடவை தலைகீழா விழுந்திருந்தா கழுத்துக்குக் கீழ எதுவுமே இருந்திருக்காதுன்னாரு டாக்டர்."

"அவன்கிட்ட சொன்னாங்களா?"

"அவர் முன்னாலதான் சொன்னாரு. 'அது டாக்டரோட யூகம்'ங்கறாரு இவரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்து பாக்கணும்னு நினைக்காதீங்கண்ணா. உங்க பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாரு."

ஜூன் 9, திங்கள்

தொலைக்காட்சி நிலையம் என்னை விலக்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். சாயங்காலம் குஜிராய் அம்மா கூப்பிட்டார். விளையாட்டிலிருந்து என் குரலை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். புதிதாகப் பதிவு செய்ய நேரமில்லை, எனக்கு முன்னால் இருந்தவர் பேசிய பழைய பதிப்பின் வர்ணனையையே போடுகிறார்கள். குரல் போனதும் ஆடிப் பார்த்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. அதனால் பலக்கோடும் திரும்பி வருகிறது.

"எனக்கு ரொம்ப வருத்தம் சார்" என்றார்.

"அந்தக் கை? அதையாவது எடுத்தீங்களா?"

"எந்தக் கை சார்?"

சொன்னேன். இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன். முயற்சி செய்கிறேன் என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

விளையாட்டு கடைக்கு வந்துவிட்டது. வரிசையில் நின்று வாங்கினேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

இசுருகியைத் தேர்ந்தெடுத்தேன். இடுப்பில் பட்டத்துப் பட்டையோடு வந்தான். ஏப்ரலில் ஜெயிப்பான் என்று நம்பி முன்பே செய்து வைத்தது, மாற்ற மறந்திருப்பார்கள். புகை, வாண வேடிக்கை, கயிற்றின் மேல் ஏறி இரண்டு கைகளையும் தூக்கி நின்றான். எதிரே கமேயாமா. எனக்கு ஆடத் தெரியாது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இசுருகி அடி வாங்கினான். மேலே கோடு குறைந்துகொண்டே வந்தது. விழுந்து எழுந்தான், இடது கை தொங்கியது.

அணைத்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

சுருமி ரயில் நிலையம். மழை. டிக்கெட் வாயிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தவன் இசுருகி. இளைத்திருந்தான். கழுத்தில் கனமான கம்பளித் துண்டு. வலது கையில் குடை, இடது கையில் காய்கறிப் பை, வெங்காயத்தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இறங்கி வருகிற கூட்டத்துக்குள் நுழைந்து, மேம்பாலப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனான்.

அவன் மேலே போய் மறையும்வரை நின்று பார்த்தேன். என் ரயில் போய்விட்டது.