விரல் படாத பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் கை நடுக்கம் இப்போது எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நோயாளிகள் படுத்தபடியே ஆளைக் கூப்பிட ஒரு பொத்தான் செய்கிறோம் என்றேனே, அதைச் சோதிப்பது என் வேலை. விரலால் அழுத்திக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, பொத்தானை யாரோ அழுத்தியதுபோல் அதற்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டை நம்பவைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். எல்லாம் சரியாக வந்தது. மார்தட்டிக்கொண்டேன்.

வாங்க வந்த வயதான டாக்டரம்மா நேரில் அழுத்தினார். மணி அடித்த வேகத்தில் நின்றுவிட்டது. ஒரு தடவை அழுத்தினால் மணி அடிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், அப்படித்தான் செய்திருந்தோம். அவர் விரல் லேசாக நடுங்கியதையே போர்டு மறு அழுத்தலாக எடுத்துக்கொண்டது. என் புரோகிராமுக்குத்தான் நடுக்கமே கிடையாதே!

"ஏம்ப்பா, ஒரு தடவையாவது விரல் வச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். நீங்கள் டம்ளரைப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். எனக்கே தோன்றவில்லையே என்று நினைத்தால் கூசுகிறது.

ஓர் உதவி. நீங்கள் வாசல் காலிங்பெல்லை அழுத்துவதைத் தங்கச்சியிடம் போனில் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். முகமும் தெரியட்டும், அது வேலைக்கு இல்லை, எனக்கு.

பஸ் வந்துவிட்டது. படம் எடுக்கும்போது, நான் பார்த்தால் வருத்தப்படுவேன் என்று வழக்கம்போல் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மூத்தவன்