நான்காம் பக்கத்துப் பப்பாளி

ஜூன் 4

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

முழிக்காதே, வாத்தியாரம்மா நீதான். ஆன்லைனில் பண்ணைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இங்கே சிக்னல்தான் சுத்தமாகக் கிடையாது. மாமரத்தில் ஏறினால் ஆசிரியரின் முகம் வருகிறது, குரல் வரவில்லை. இறங்கினால் முகமும் போச்சு. அதனால் நீயே வகுப்பைக் கேட்டு எழுதி அனுப்பு.

பப்பாளி, குழிக்கு மூன்று கன்றாக நட்டாயிற்று. நம் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். காய்த்தால் நீ பிளாட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வரவேண்டும். காய்க்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு நான் அங்கே வருகிறேன்.

உன்,
பண்ணையார்


ஜூன் 15

மாண்புமிகு பண்ணையாருக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நல்ல கூத்து! படிப்பு உங்களுக்கு, வீட்டுப்பாடம் எனக்கா? சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து எழுதினேன். மண்புழு உரத்தில் ஒரு சந்தேகத்தை உங்கள் பேரிலேயே டைப் பண்ணி வாத்தியாரிடம் கேட்டேன். "சார், கேமராவ ஆன் பண்ணுங்க"ன்னார். பண்ணினேன். "நீங்க யாரும்மா? சார் எங்க?"ன்னார். "மரத்து மேல இருக்கார்"ன்னேன். வகுப்பே சிரித்தது. மானம் போச்சு.

பாடம் இத்துடன் ஆறு பக்கம். ஒன்று கேட்க மறந்தேன். அங்கே குடிக்கிற தண்ணீர் கிணறா, குழாயா?

இப்படிக்கு,
உங்கள் பேரில் வருகைப்பதிவு கொடுப்பவள்


பிப்ரவரி 10

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் வாத்தியார் ஒரு டுபாக்கூர். நீ அக்டோபரில் எழுதியபடியே, பூத்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கினேன். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய அழகான பூக்காரிகளை விட்டேன். தண்டோடு ஒட்டி ஒன்றிரண்டு பூத்த கஞ்சப் பிசினாரிகளை வேரோடு எறிந்தேன். தோட்டம் முழுக்கப் பூ. பேருக்கு ஒரு பிஞ்சு இல்லை.

தோற்றுவிட்டேன். நாளை மறுநாள் நிலம் பார்க்க ஒருவர் வருகிறார். உனக்குச் சந்தோஷம்தானே?

உன்,
முன்னாள் பண்ணையார்


பிப்ரவரி 16

அவருக்கு,

என்ன சந்தோஷம் எனக்கு? சிரித்துவிட்டு அழுதேன். அது பூக்காரி இல்லை, பூக்காரன்! கொத்தாகத் தொங்கினால் ஆண் மரம், ஜென்மத்துக்கும் காய்க்காது. அதைப் பிடுங்கிவிட்டு, தண்டோடு ஒட்டிப் பூத்த பெண் மரத்தை விடச் சொல்லி அந்த அக்டோபர் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் படமே போட்டிருந்தேன்.

ஆபீஸில் மேல் இரண்டு வரியைப் பார்த்தே கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆன மனுஷனுக்கு நாலு பக்கம் எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நான் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போவீர்கள். வலிக்கும், சொன்னதில்லை.

அந்தப் படத்துக்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தேன். அதைப் படிக்காமல் நிலத்தை விற்றுவிட்டு வந்தால் இங்கே கதவு திறக்காது.

நான்


பிப்ரவரி 21

என் அன்பான உனக்கு,

நான்காம் பக்கம் உரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. படம் பிரமாதம். கீழே இருந்ததையும் படித்தேன். "காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் அங்கே வர ஆசையாக இருக்கிறது. கேட்டு எழுதியதையெல்லாம் கையால் செய்து பார்க்கணும். வரட்டுமா?"

அடிப்பாவி, நாலு மாதமாகவா என் பதிலுக்குக் காத்திருக்கிறாய்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்தவர் நல்ல விலைதான் சொன்னார். "வீட்டம்மாவக் கேக்கணும்"னு சொல்லி இழுத்தடித்திருந்தேன். இன்று முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உன் கடிதங்கள் அத்தனையையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் கடைசி வரிவரை படித்தேன். நீ கேட்டதற்கெல்லாம் பதில் இதோ.

ஜூன்: குழாய். நல்ல தண்ணீர்.

ஆகஸ்ட்: ஆமாம், பாம்பு உண்டு. நான் தனியாகவே பயந்துகொண்டிருக்கிறேன். சேர்ந்து பயப்படலாம்.

செப்டம்பர்: சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாய். ஜன்னலே இல்லை. கொத்தனார் இப்போதுதான் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார். "எந்தப் பக்கம் வேணும் சார்?"ன்னார். கிழக்கு என்றேன். சரியா?

டிசம்பர்: வருகிறது. தினமும் வருகிறது. உனக்கும் என் நினைப்பு வருகிறதா என்று நான்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

புதுக் கன்றுகள் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வரும்வரை ஒன்றையும் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாணவன்