அலமாரிக் கதவில் ஒரு நீர்வண்ணம்

மார்ச் 3, திங்கள்

என் கேள்வி நோட்டில் இன்று அறுபத்துமூன்றாவது கேள்வி ஏறியது. நீர்வண்ணத்தில் வெள்ளையை எங்கிருந்து எடுப்பது? பதில்: எங்கிருந்தும் எடுக்க வேண்டாம், காகிதமே வெள்ளை. வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு செய்முறை! எனக்காகவே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கிறது.

ஓவிய மன்றத்தில் எழுந்து இதை வாசித்துக் காட்டினேன். சித்திர டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "வாயால வரைஞ்சது போதும்மா. இருபத்திரண்டாம் தேதி கண்காட்சி. அன்னிக்குச் சுவத்துல உன் படம் ஒண்ணு தொங்கணும். இல்லேன்னா உன் இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன். வெளியில பன்னெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஆறு மாதமாக மன்றத்தில் இருக்கிறேன். பென்சிலைச் சீவியிருக்கிறேன். எல்லாருடைய படத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். முடித்த படம்? பூஜ்யம்.

பத்தொன்பது நாள் இருக்கிறது. மன்றம் இல்லாத திங்கட்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், நினைக்க மாட்டேன்.

மார்ச் 5, புதன்

காகிதம் வாங்கினேன்! சேர்த்து வைத்ததெல்லாம் போயிற்று. முந்நூறு கிராம் ரகம், நல்ல தடிமன், சொரசொரப்பு, நான் கையை விரித்தால் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் இருக்கும்.

காகிதத்துக்குப் பசை பூசியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு (கேள்வி 17). ஓரத்தை நாக்கால் தொட வேண்டும். நாக்கில் ஒட்டிக்கொண்டால் அது தண்ணீரைக் குடித்துவிடும் காகிதம். கடையிலேயே தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பா, பக்கத்துலயே பேக்கரி இருக்கு" என்றார்.

ஒட்டவில்லை. நல்ல காகிதம்.

மார்ச் 6, வியாழன்

ஈரம் பட்டால் காகிதம் அலை அலையாக எழும்பும். அதற்கு வழி: முதலிலேயே நனைத்து, பழுப்புக் காகித டேப்பால் நாலு பக்கமும் பலகையில் ஒட்டிவிட வேண்டும். காயும்போது முரசு மாதிரி இறுகும். படம் முடியும் வரை எடுக்கக் கூடாது.

பலகைக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசையில் வரிவரியாகப் பள்ளம். தரையில் அப்பா நடப்பார். வீடு முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் அறைக்கு வந்தால், அங்கேயே நிற்கிறது! எனக்கும் அக்காவுக்கும் பொதுவான அலமாரி. வழவழவென்று, செங்குத்தாக. ஒரு கதவில் காகிதம் அடங்கவில்லை. இரண்டு கதவுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒட்டிவிட்டேன்.

தட்டிப் பார்த்தேன். டம் டம் என்கிறது. நானா செய்தேன்! நானேதான்!

மார்ச் 7, வெள்ளி

மடச்சாம்பிராணி. நான்தான்.

காலை ஏழரைக்கு அக்காவின் கத்தலில் விழித்தேன். "ஏய்! அலமாரியை ஏன்டி ஒட்டி வெச்சிருக்க?"

அக்காவுக்கு ஒன்பது மணிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நேர்காணல். இஸ்திரி போட்ட சட்டை அலமாரிக்குள். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு, எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியும். மறந்தேன். கதவு என்றால் திறக்கும் என்பதையே மறந்தேன்.

கிழிக்க வந்தாள். நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்றேன். அழுதேன்கூட. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். "லிஃப்ட் கதவு சிக்கிக்கிட்டா நாலு நிமிஷம். இது என்ன கேஸுன்னே புரியலையே." அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்: "என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு. சின்னது இப்பத்தான் முதல் தடவையா எதையோ ஆரம்பிச்சிருக்கு."

அம்மாவின் சட்டைக்குள் இரண்டு அக்கா புகலாம். "சட்டையா இது, பாராசூட்டு" என்று முனகிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் வந்தவள் பையைக் கட்டிலில் வீசினாள். சட்டையைக்கூட மாற்றாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாற்றத்தான் என்ன இருக்கிறது, எல்லாம் உள்ளே. வெயில் அந்தப் பெரிய சட்டைக்குள் புகுந்து, துணி விளக்கு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே அக்கா ஒல்லியாக, திரி மாதிரி.

ஐயோ. இதுதான். இதைத்தான் வரையப் போகிறேன்!

"அப்படியே நில்லு அக்கா!"

"என்னை வரையப் போறியா? வரைஞ்சு கிழிச்ச."

ஆனால் நின்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

கற்றது: மூன்று வண்ணத்துக்கு மேல் கலந்தால் சேறு. காய்ந்ததும் நீலம் பாதியாக வெளுத்துவிடும், அதனால் பயப்படாமல் அடர்த்தியாக வைக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் காகிதத்தில் தண்ணீர் வழியும். இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, யாரும் அலமாரியில் வரையாததால் இருக்கும்.

ஜன்னலுக்கு மேலே வைத்த சாம்பல் நிறம் நாலைந்து கோடாக வழிந்து கீழே வந்துவிட்டது. அழப் போனேன். கிட்டே போனால் வழிசல். ஐந்தடி தள்ளி நின்றால் திரைச்சீலை! கிட்ட, தள்ளி, கிட்ட, தள்ளி என்று இருபது தடவை ஓடினேன். கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சட்டையைத் தொடவில்லை. வெறும் காகிதம். அதுதான் வெளிச்சம்.

மார்ச் 12, புதன்

அக்கா அப்பாவின் பனியனில். நான் கடைக்கும் பள்ளிச் சீருடையில்.

மார்ச் 15, சனி

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றாள்.

"நாங்க படத்தை ஓரத்துலேருந்துதான் பார்ப்போம். நடுவுல இருக்கிறது எல்லார் கண்ணுக்கும் படும்."

ஓரத்தில் என்ன? வெகுநேரம் தேடினாள். "இவ கை ஜன்னல் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கு பாரு. பாவம், வேலை கிடைக்காதோன்னு பயம்."

நான் கையைத்தான் வரைந்தேன். பயத்தை வரையவில்லையே. எப்படி வந்தது?

மார்ச் 16, ஞாயிறு

கேள்வி 64: படம் முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு புத்தகத்தில் தேடினேன். நாலும் நாலு விதமாக மழுப்புகின்றன.

மார்ச் 18, செவ்வாய்

விக்கல் இன்னும் நிற்கவில்லை. எழுத்து கோணினால் கோணட்டும்.

அரை நாள் பள்ளி. மதியம் வந்ததும் பின்சுவருக்கு மஞ்சள் கலந்து பெரிய தூரிகையால் அடித்தேன், மேலிருந்து கீழ்வரை, சொட்டச் சொட்ட. இன்னும் முகத்துக்கு ஒரு நிழல், நாளைக்கு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது அக்காவுக்குப் போன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்! மூன்று மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டுமாம். பட்டியலில் இவளுக்கு அடுத்து இன்னொருவர் இருக்கிறாராம்.

அசல் சான்றிதழ் எங்கே? வேறெங்கே. அலமாரியில், உள் இழுப்பறையில்.

மணி ஒன்று ஐம்பது. அக்கா கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "அப்பாவை வரச் சொல்லி, பின்பலகையைக் கழட்டிடலாம்" என்றாள். அப்பா ஊரின் அந்தக் கோடியில், ஏதோ லிஃப்டின் தலையில் நிற்கிறார். போன் எடுக்கவில்லை.

டேப்பைச் சுற்றி வெட்டி முழுசாக எடுக்கலாமா? ஈரம். கழட்டினால் காகிதம் சுருண்டு எல்லா வண்ணமும் ஒன்றாக ஓடும், சேறு. நடுவே வெட்டினால்? கதவுக்குப் பாதியாக ஒட்டியபடி நிற்கும். ஆனால் நடு எங்கே இருக்கிறது? அக்காவின் காதோரம் இறங்கி, நேரே சட்டைக்குள். பத்து நாளாக விரல்கூடப் படாமல் காப்பாற்றிய வெள்ளைக்குள்.

பென்சில் சீவும் பிளேடை எடுத்தேன். இத்தனை மாதத்தில் அதற்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

"வேணாம்டி" என்றாள் அக்கா.

"தள்ளு" என்றேன்.

மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. டர்ர்ர் என்றது. கதவு இரண்டும் திறந்தன. அக்கா சான்றிதழ் ஃபைலை எடுத்தாள், என் கன்னத்தில் முத்தம் என்ற பெயரில் முட்டினாள், ஓடினாள். என்ன அணிந்திருந்தாள் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் பாராசூட்டு.

தரையில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கதவு, இரண்டு அரை அக்கா. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, சிரிப்பு வந்தது! விக்கல் வரும்வரை சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

அந்த ஈர மஞ்சள் நன்றாகக் காய்ந்திருக்கிறது. முகத்துக்கு நிழல் வைக்கத் தூரிகையை நனைத்தேன். பார்த்தேன். உதறிவிட்டு வைத்துவிட்டேன். இனித் தொட்டால் கெடும். எனக்கு எப்படித் தெரியும்? தெரிகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

தொங்கியது! தொங்கியது! தொங்கியது!

இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே அலமாரி இடுக்கின் அளவுக்குச் சந்து. ஸ்கேல் வைத்து நானே அளந்தேன். பார்க்க வருபவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் கேள்வி மேசையிலும் டீச்சர் என்னையே உட்காரவைத்தார். நோட்டோடு தயாராக இருந்தேன். எண்ணெய் வண்ணம் காய எத்தனை நாள், எந்த முடியில் தூரிகை செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

ஜிப்பா போட்ட ஒருவர் என் படத்தின் முன் வெகுநேரம் நின்று கூட வந்தவரிடம் விளக்கினார். "இந்தப் பிளவு இருக்கே, அதுதான் விஷயம். உள்ளே இருக்கிறவளுக்கும் வெளியே தெரியிறவளுக்கும் நடுவுல..."

உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சார், அது சர்ட்டிபிகேட் எடுக்க வெட்டினது" என்றேன்.

முழுக்கதையும் கேட்டார். மறுபடி போய்ப் பார்த்தார். "இப்பத்தான் இன்னும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓர் அம்மாள் கேட்டார்: "ஒரு படத்தை எவ்வளவு நேரம்மா பார்க்கணும்?" நோட்டில் இல்லை! முன்னும் பின்னும் புரட்டினேன். பின்னாலிருந்து என் அம்மா, "கால் வலிக்கிற வரைக்கும்" என்றாள். கேள்வி 65.

ஒரு பொடிசு வந்து, "அக்கா, இது முடிஞ்சிடுச்சா?" என்றது.

"முடிஞ்சிடுச்சு" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

மூடும்போது டீச்சர் சொன்னார்: "திங்கக்கிழமை வந்துடு. பலகை நான் தரேன். வீட்டுக் கதவை விட்டுடு."

ஏப்ரல் 7, திங்கள்

அக்காவுக்கு வேலையில் முதல் நாள். அலமாரியின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. டேப்பு ஒட்டிய தழும்பு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. உள்ளே அவள் அளவுக்கே தைத்த புதுச் சட்டை மூன்று, இஸ்திரி போட்டு வரிசையாக.

எட்டு மணிக்கு அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "என் வெள்ளைச் சட்டை எங்கடி? கொடியில காயப்போட்டிருந்தேனே."

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தெருக்கோடியில், காலை வெயிலில், காற்று நிரம்பிய ஒரு பாராசூட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது.