மூடி போடாத தேக்சா

மாயாபந்தர்க்காரிக்கு,

இன்று காலை பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தேன். குட்வில் எஸ்டேட் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த மரம். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனாலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. கத்தி பட்டதும் தோலிலிருந்து பால் வழிந்தது. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். "ஏட்டி ரங்கத்து, பால் வழிஞ்ச பொறவு சீவு, கை அரிக்கும்" என்றாய். வழக்கம்போல நான் கேட்கவில்லை. கை அரித்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கை முழுக்கப் பால். முழங்கையால் எப்படியோ தள்ளித் திறந்தேன். திரையில் உன் பேத்தி, சீனாவிலிருந்து. நீ இருந்திருந்தால் "சீனாவா? அதுக்கு எந்த ஜெட்டியில கப்பல் ஏறணும்?" என்று கேட்டிருப்பாய். விமானத்தில்தான் போனாள். அந்த நாட்டு ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறாள். உன்னைப் போலவே நெற்றி, உன்னைப் போலவே வாய். என்னை ரங்கத்து ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். நீ சொல்லிக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

போன மாதம் அழுதுகொண்டு பேசினாள். விடுதியில் மற்றப் பெண்களுக்குச் சமமாகக் கேன்டீனில் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஸ்காலர்ஷிப் பணம் பாதி மாதத்திலேயே தீர்ந்துபோகிறதாம். வீட்டிலிருந்து கொண்டுபோன கருவாடு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை எல்லோர் முன்னாலும் திறக்க வெட்கமாம். யாரும் இல்லாதபோது கொஞ்சம் வேகவைத்து, மூடி போட்டு, ஜன்னலோரம் நின்று தின்கிறாளாம். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இன்று அழுகை இல்லை. "ஆச்சி, ஒண்ணு காட்டணும். எல்லாரும் வரட்டும், கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன்" என்று சிரித்துவிட்டு வைத்தாள். அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் நம் விடுதி முழுவதும் என் கண்முன் வந்து போய்விட்டது. அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரியாததா என்று நீ கேட்கலாம். தெரிந்ததைத்தானே நாம் இருவரும் காலமெல்லாம் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆசிரியர் பயிற்சிக்காகப் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தோமே, எத்தனை பவிசு நமக்கு! நான் ரங்கத் பஜாரில் டீக்கடை வைத்திருந்தவர் மகள். நீ மாயாபந்தரில் காட்டு மரம் வெட்டியவர் மகள். என் வீட்டுத் தமிழ் தஞ்சாவூர்ப் பக்கம், உன் வீட்டுத் தமிழ் திருநெல்வேலி. இரண்டுக்கும் நடுவில் தீவு இந்தி உட்கார்ந்துகொண்டு இரண்டையும் கெடுத்தது. திக்லிப்பூரிலிருந்து ஒரு வங்காளிப் பெண், பேட்டாப்பூரிலிருந்து ஒரு மலையாளத்துப் பெண், இன்னும் தீவுக்குத் தீவு வந்தவர்கள். எல்லோருக்கும் அரசாங்க ஸ்காலர்ஷிப்தான் சோறு. அது நம் கைக்கு வராது. விடுதிச் சாப்பாட்டுக்கே சரியாகப் போய்விடும். வீட்டிலிருந்து ஒரு பைசா வர வழியில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருத்தி மெஸ் பொறுப்பு என்று வைத்தார்களே, அங்கேதான் நம் கூத்து ஆரம்பமானது.

மெயின்லேண்ட் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து சங்கு ஊதினால் போதும், பொறுப்புக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பஜாருக்கு ஓடுவாள். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். கப்பலில் வந்த காய்தான் கௌரவமான காய். இங்கே விளைந்ததைத் தட்டில் வைத்தால் குடும்ப மானம் போய்விடும் என்பது போல நடந்துகொண்டோம். "எங்க வீட்டில் தினமும் உருளைக்கிழங்கு" என்று நான் அளந்ததை நீ மறக்கவே இல்லை. கல்யாண வீடுகளில்கூட என் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு "ஜமீந்தாரம்மா, சாப்பிடுங்க" என்பாய்.

அளந்தது நான் மட்டுமா? திக்லிப்பூர்க்காரி வீட்டில் இல்ஷா மீன் இல்லாமல் சோறு இறங்காதாம். பேட்டாப்பூர்க்காரி வீட்டில் நேந்திரம்பழத்தை மாட்டுக்குப் போடுவார்களாம். நம் அப்பாக்கள் காட்டை வெட்டிக் குடியேறிய அந்த முதல் வருடங்களில் நாமெல்லாம் எதைத் தின்று வளர்ந்தோம் என்பதை யாரும் பேசவில்லை. பப்பாளிக்காய், வாழைத்தண்டு, மரவள்ளி, ஓடையோரம் சுருள் சுருளாக முளைக்கும் அந்தக் கீரை. அந்தப் பெயர்களைச் சொன்னாலே நம் மீது சேறு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தோம்.

பரீட்சைக்கு முந்திய அந்த மழைக்காலத்தில் கப்பல் வரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்றார்கள். பஜாரில் மிஞ்சியிருந்த உருளைக்கிழங்கின் விலை ஏறிக்கொண்டே போனது. நாமும் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தோம். முன்யோசனை என்று நினைத்து ஒருத்தி வெங்காயத்தை மூட்டையாக வாங்கி அடுக்கினாள். அந்த ஈரத்தில் அது அழுகி, விடுதியே நாறியது. பாதி மாதத்தில் மெஸ் பணம் துடைத்துவைத்தாற்போல் ஆனது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

வார்டன் மேடம் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே பயமாக இருக்கும். "காலி பேட் பே பரிக்ஷா நஹீ ஹோதி" என்றார். வயிறு காய்ந்து பரீட்சை எழுத முடியாது, மெஸ்ஸை மூடுகிறேன், எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்றார். போனால் திரும்ப முடியுமா? அந்தக் கடலில், அந்த மழையில், ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் போட் போனாலும் பரீட்சைக்குள் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். பரீட்சை போனால் டீச்சர் வேலை போயிற்று. எங்கள் வீட்டில் என்னை டீக்கடைக்குப் பின்னால் டம்ளர் கழுவ உட்காரவைத்து, வருகிற முதல் வரனுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். அன்று உன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ என் கையை எடுத்துவிட்டுவிட்டு முன்னால் போனாய். "மேடம், ஏக் ஹஃப்தா தே தீஜியே." ஒரு வாரம் கொடுங்கள். மேடம் உன்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், ஒருத்தி அரைவயிறாக எழுந்தாலும் அன்றைக்கே பூட்டு என்றார். உன்னைத் தனியாக இழுத்துப் போய் "உனக்கென்ன பைத்தியமா, எதை வைத்துச் சமைப்பாய்?" என்று கேட்டேன். "அடி பைத்தியம், கொல்லையில தொங்குது பாரு" என்றாய்.

விடுதிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பப்பாளி மரங்கள். யாரும் பறிப்பதில்லை; காக்கைக்குத்தான். நீ வீடு வீடாகக் கேட்டாய். நான் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பியபடி வந்தேன். ஜங்லிகாட் கரையில் தெலுங்கு மீனவர்களிடம் பேசி, விற்காமல் மிஞ்சிய சின்ன மீனை ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தாய். நம் சமையல்காரர் அந்தக் கூடையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இதையெல்லாம் ஹாஸ்டலில் சமைத்தால் தனக்குத்தான் கெட்ட பெயராம். "வையுங்கோ அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அடுப்படியை நீ பிடித்துக்கொண்டாய். நானும்தான் சீவினேன். அன்றைக்கும் கை அரித்தது.

அந்த முதல் சாப்பாட்டை மறக்க முடியுமா! பப்பாளிக்காயும் மீனும் தேங்காயும் போட்டு ஒரு குழம்பு. பெரிய அலுமினியத் தேக்சாவை இருவரும் தூக்கிவந்து சாப்பாட்டு அறை நடுவில் வைத்தோம். சமையல்காரர் பதறிப்போய், பார்க்கிறவர்கள் கண்ணில் படாமலிருக்க மூடியைத் தேடினார். "டக்கன் கஹாம் ஹை?" என்று கேட்டார். நீ அதை ஏற்கெனவே கொல்லைப் படிக்கட்டுக்கு அப்பால் வைத்துவிட்டிருந்தாய். "மூடி எதுக்கு? எல்லாரும் சாப்பிடத்தான போறோம்" என்றாய்.

யாரும் தட்டை நீட்டவில்லை. நீ தேக்சா பக்கத்தில் நின்றுகொண்டு பேசினாய். இந்தியில்தான் பேசினாய், எல்லோருக்கும் புரியவேண்டுமே. எனக்கு மட்டும் இன்றுவரை அது உன் வீட்டுத் தமிழில்தான் கேட்கிறது. "எங்கப்பா காட்ட வெட்டுனாரு, எங்கம்மா பப்பாளிய வெட்டுனா. வருசக்கணக்கா இதத் தின்னுட்டுத்தான் படிச்சேன், இதத் தின்னுட்டுத்தான் ஸ்காலர்ஷிப் வாங்குனேன். வெக்கப்படுறவங்க தாராளமா எந்திரிச்சுப் போங்க. நான் பரீட்சை எழுதாம போட் ஏற மாட்டேன்."

முதலில் எழுந்தவள் திக்லிப்பூர்க்காரி. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நேரே வந்து தட்டை நீட்டினாள். "ஹமாரே கர் மே பீ யஹி பன்தா தா" என்றாள். எங்கள் வீட்டிலும் இதுதான். சொல்லிவிட்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். இல்ஷா மீன் பவிசு அன்றோடு ஒழிந்தது. அடுத்து பேட்டாப்பூர்க்காரி. அடுத்து வரிசை. எல்லோருக்கும் கடைசியில் தட்டை நீட்டினது யார் என்று உனக்குத் தெரியும். "ஜமீந்தாரம்மாவுக்கு உருளைக்கெழங்கு இல்லியே" என்று கரண்டியை நிறுத்தினாயே, பாவி! எல்லோர் முன்னாலும் எங்கள் டீக்கடையைச் சொல்லிவிட்டுத்தான் சோறு வாங்கினேன். அவ்வளவு ருசியான குழம்பை அதற்கப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

மறுநாளிலிருந்து சமையலறைக்குள் நிற்க இடமில்லை. வங்காளிப் பெண் ஓடையோரம் போய் மடி நிறையச் சுருள் கீரை பறித்து வந்தாள். மலையாளத்துப் பெண் மரவள்ளியை வேகவைத்து மீன்குழம்போடு பிசைந்து கொடுத்தாள். சமையல்காரர் ரோஷம் தாங்காமல் தானும் களத்தில் இறங்கி, தன் அம்மா செய்த புளிக்கூழ் என்று ஒன்றைக் கிண்டினார். பகலெல்லாம் படிப்பு, இடையிடையே இந்தக் கும்மாளம். பசியோடு யாரும் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். தரையில் நம்மோடு உட்கார்ந்தார். முதலில் பெண்களின் தட்டுகளைத்தான் பார்த்தார், பிறகு தன் தட்டை. கீரையை ஒரு வாய் வைத்ததும் தட்டிலிருந்ததை வழித்துத் தின்று முடித்தார். அவரும் எங்கேயோ ஒரு அகதி முகாமில் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தானோ என்னவோ, கேட்க நமக்குத் தைரியம் இல்லை. "தோடா ஔர் தோ" என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். அந்த நிமிஷம்தான் துறைமுகத்திலிருந்து சங்கு ஊதியது! கப்பல் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வாங்கிவரச் சொல்லட்டுமா என்று மேடம் கேட்டார். "நஹீ மேடம்!" என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினோமே, கூரைத் தகரம் அதிர்ந்தது. மேடம் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டோம்.

மெஸ் மூடவில்லை. எல்லோரும் பரீட்சை எழுதினோம், எல்லோரும் தேறினோம், ஒருத்தி விடாமல் டீச்சரானோம். அடுத்த மாத மெஸ் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு நீ கடைசி நாள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி விருந்து வைத்தாய். "இப்ப தின்னுங்க, இப்ப நம்ம காசு" என்றாய். ரங்கத் ஜெட்டியில் நான் இறங்கியபோது அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். பஜார் வழியே என்னோடு நடந்தபடி, பார்க்கிறவர்களிடமெல்லாம் "டீச்சர் வந்திருக்கு" என்றார். பெயர் சொல்லவில்லை, மகள் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த நடையை நான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

பிறகு எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை தீவுகள்! டிபன் டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் ஒரு பிள்ளையாவது எல்லா வகுப்பிலும் இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் டப்பாவை அகலத் திறந்து வைப்பேன். உள்ளே பெரும்பாலும் பப்பாளிக்காய்தான். ஒன்றும் சொல்லமாட்டேன். நீ மாயாபந்தரில் அதையேதான் செய்துகொண்டிருந்தாய் என்று உன் சாவு வீட்டில் உன் பழைய மாணவர்கள் சொல்லக் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் அங்கேயே சிரித்துவிட்டேன். எல்லோரும் ஒருமாதிரி பார்த்தார்கள்.

உன் பேத்தி சொன்னபடி திரும்பக் கூப்பிட்டாள். போனைத் திருப்பிக் காட்டினாள். அறை நடுவில் தரையில் ஒரு பெரிய மின்சாரப் பானை, ஆவி பறக்கிறது. சுற்றிலும் பெண்கள்: நேபாளத்திலிருந்து ஒருத்தி, பங்களாதேஷிலிருந்து ஒருத்தி, ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேர், குச்சியும் கையுமாக ஒரு சீனப் பெண். எல்லோரும் ஸ்காலர்ஷிப்தான், எல்லோருக்கும் மாதக் கடைசிதான். "காசு சேத்து ஒரே பானை ஆச்சி. ஆளுக்கு ஒரு நாள் அவங்க வீட்டுச் சாப்பாடு. இன்னிக்கு என் முறை, நம்ம ஊர்க் கருவாட்டுக் குழம்பு. எல்லாருக்கும் எங்க ஊரப் பத்திச் சொல்லிட்டுத்தான் திறந்தேன்." யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எதையாவது பேசவேண்டுமே என்று, "ஏண்டி, பானைக்கு மூடி எங்கே?" என்று கேட்டேன்.

"மூடி எதுக்கு ஆச்சி? எல்லாரும் சாப்பிடத்தான போறோம்."

இப்படிக்கு,
உன் ரங்கத்து