சோற்றுக்குப் போட்ட உப்பு

“சொரிசோ செய்யத் தெரியுமா?” என்று ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் என்னிடம் கேட்டபோது, அது உடுக்கிற பொருளா உண்கிற பொருளா என்றே எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, இன்று காலை சொரிசோவுக்கென்று வினாகிரியில் செத்தல் மிளகாயை ஊறப்போட்டேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் முதலில் அந்தக் கேள்வி வந்தது. அதன் பின்னால் நீங்கள் வந்தீர்கள், மச்சாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. உங்கள் தம்பி, என் கணவர், இறந்த பிறகு என்னை நியூசிலாந்துக்கு, ஹென்டர்சனில் இருந்த உங்கள் வீட்டுக்கு எடுத்தது நீங்கள்தான். “முதல்ல நீர் வாரும். ஒரு வேலை எடுத்தாப்போல மகளைக் கூப்பிடலாம்,” என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். நீங்களும் உங்கள் கணவரும் விடியப் புறப்பட்டு மங்கரேயில் விமானச் சரக்கு வேலைக்குப் போவீர்கள். உங்கள் பிள்ளைகளையும் வீட்டையும் நான் பார்த்தேன். நீங்கள் கையெழுத்துப் போடப்போட என் விசா நீண்டது. ஆனால் அந்த விசாவை வைத்து மகளைக் கூப்பிட முடியாது. அதற்கு யாராவது எனக்கு வேலை தரவேண்டும். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. என் ஆசிரியச் சான்றிதழை இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலுக்கு ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த கடைக்குள் நான் நுழைந்தது அதனால்தான்.

கடைக்காரர் மெக்சிகோவில் இருந்து வந்தவர் அல்ல. அங்கே சில காலம் வாழ்ந்து, அந்தச் சாப்பாட்டில் ஆசைப்பட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர். சொரிசோ இங்கே எந்த இறைச்சிக்கடையிலும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் விழிப்பதைக் கண்டு சிரித்துவிட்டு, செய்முறையையும் அவரே சொன்னார். பன்றி இறைச்சியைக் கொழுப்போடு அரைத்து, ஊறிய மிளகாய், உள்ளி, சீரகம், கராம்பு, கறுவா, ஒரிகானோ, வினாகிரி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். காயவைத்துத் துண்டு போடுகிற வகை அல்ல இது. பச்சையாக வைத்திருந்து, உதிர்த்து வதக்கிச் சாப்பிடுவது. “வெள்ளிக்கிழமை கொண்டுவா. நன்றாக இருந்தால் வேலை உனக்கு,” என்றார்.

“பண்டியோ? சாமி அறை இருக்கிற வீட்டுக்கை கொண்டராதையும்,” என்றீர்கள் நீங்கள். வேலையிடத்தில் நீங்கள் பன்றி இறைச்சி வைத்த பாண் ரொட்டி சாப்பிடுவது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் நான் கராஜில் சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “இஞ்ச பாருங்கோ, ரீச்சரம்மா கசாப்புக்கடை திறந்திட்டா!” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

அவர் சொன்ன மெக்சிகோ மிளகாய் இங்கே கிடைக்கவில்லை. நம் செத்தல் மிளகாயின் விதைகளை உதிர்த்து உறைப்பைக் குறைத்து, நிறத்துக்குப் பப்ரிக்காத் தூள் சேர்த்தேன். உப்புக்கு வந்தபோதுதான் கை தயங்கியது. நான் பிறவியிலேயே மரக்கறி, இறைச்சியைச் சுவைத்துப் பார்க்க மாட்டேன். கறிக்குப் போடுகிற அளவில் போட்டேன். நாங்கள் கறிக்கு உப்புப் போடும்போது அதோடு பிசையப்போகிற சோற்றுக்கும் சேர்த்தல்லவா போடுகிறோம்? சோறில்லாத சாப்பாட்டை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பின்னாளில் வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்வேன்: வழி சரி, விடையும் சரி, ஆனால் கேள்வி வேறு.

அதனால்தான் ஒரு துளியை வதக்கி உங்களிடம் நீட்டினேன்.

“மச்சாள், ஒருக்கா உப்புப் பாருங்கோ.”

வாயில் போட்டு, கண்ணை மூடி, ஆறுதலாக மென்றீர்கள். “திறம்! இனிக் கை வையாதையும், பழுதாப் போயிடும்.”

உப்பில்லாத இறைச்சி இன்னும் கொஞ்சம் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சேர்த்துப் பிசைந்திருந்தால் சரியாகியிருக்கும்.

ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். கடைக்காரர் வதக்கி ஒரு கரண்டி வாயில் போட்டார். உடனே குழாயடிக்குப் போனார். பரிமாறுகிற பெண் காகிதத் துண்டில் துப்பினாள். “நீ சுவைத்துப் பார்த்தாயா?” என்று அவர் கேட்டார். “நான் இறைச்சி சாப்பிடுவதில்லை,” என்றேன். அடுப்படி முழுக்கச் சிரித்தது. அதில் ஒருவன் என்னைப் பார்த்துப் பன்றி மாதிரி உறுமிக் காட்டினான். கடைக்காரர் டப்பாவை மூடி, மரியாதையாகத்தான் என் கையில் தந்தார்.

“என்னவாம்?” என்று வாசலிலேயே கேட்டீர்கள்.

“உப்புக் கூடிப்போச்சாம்.”

“வெள்ளையளுக்கு என்ன தெரியும்? விடும். சின்னவனைக் குளிப்பாட்டும்.”

நான் கராஜுக்குப் போய், மீதியில் ஒரு துளியை வதக்கி என் வாயில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் தின்ற முதல் இறைச்சி அது. மரக்கறி நாக்கென்றாலும் உப்பு உப்புத்தானே. திரும்பி வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் முன்னால் நின்றேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சதெல்லோ, மச்சாள்?”

“ஓம், தெரியும். நீர் வேலைக்குப் போனா இதுகளை ஆர் பாக்கிறது? உம்மடை பிள்ளைக்கு அங்கை பெரியம்மா இருக்கிறா. என்ரை பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?”

குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. அடுத்த துவாயை எடுத்து உதறினீர்கள்.

எனக்கு வேறு வேலை கிடைக்க உங்கள் சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவேண்டியிருந்தது. முதலில் ஒரு பள்ளியின் சமையலறை, பிறகு படிப்பு, பிறகு வகுப்பறை. மகள் வந்து இறங்கியபோது என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். விமான நிலையத்தில் பெட்டியோடு வந்து, என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “அன்ரி, அம்மா வரேல்லையோ?”

பூங்கொத்தோடு நின்ற நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். “பாத்தீரே, தாயைத் தெரியேல்லை!” அதன் பிறகு எத்தனை விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள்! நானும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

உங்கள் செத்த வீட்டில், தம்பி பெண்சாதியைக் கூப்பிட்டுக் கரையேற்றினவ என்று ஆளுக்காள் சொன்னார்கள். பொய் இல்லை. ஷெல்லுக்குள் இருந்து என்னை வெளியே எடுத்தவர் நீங்கள். என் மகளை அதற்குள்ளேயே இன்னும் சில வருடங்கள் இருக்கவைத்தவரும் நீங்கள். இரண்டையும் ஒரே கையால் செய்தீர்கள். பொறுமையாக யோசித்தும் அவற்றில் ஒன்றைக் கழித்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை.

மகள் நல்லவள். வாரம் தவறாமல் வருகிறாள். ஆனால் என்னை “அம்மா” என்று கூப்பிடுமுன், இன்றுவரைக்கும், மூச்சு விடுகிற அளவு ஓர் இடைவெளி விடுகிறாள். அது அவளுக்குத் தெரியாது. நீங்கள் தந்தவற்றில் நான் இன்னும் வைத்திருப்பது அதைத்தான், மச்சாள்.

இதை வாசிக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். சொரிசோ பிசைந்ததும், மூடி வைக்குமுன், ஒரு நெல்லிக்காயளவு கிள்ளி நன்றாக வதக்கி, சோறில்லாமல், உங்கள் நாக்கிலேயே வையுங்கள்.