மார்க்கம் என்னும் மாகாணம்

வோபர்ன், ரொறன்ரோ
11.02.1996

அன்புள்ள மனைவிக்கு,

நானும் வீடும் சுகம். உம்முடைய மணிபிளான்ற் மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

நீர் போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. மாதா கோயிலில் கேட்கிறவர்களுக்கு, "பஸ் மாறி மாறி வேலைக்குப் போறது கஷ்டமெண்டு மார்க்கம் நகரத்தில தற்காலிகமாய் நிக்கிறா" என்று சொல்லிவருகிறேன். போன ஞாயிறு நீக்கிலாஸ் அண்ணை, "உந்தத் தற்காலிகம் எப்ப முடியும்?" என்றார். பனி கரைய என்றேன். எந்தப் பனி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மகள் ஜெசிந்தாவின் கல்யாண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். "திரு. திருமதி இக்னேசியஸ்", கீழே வோபர்ன் விலாசம். ஒரு பிள்ளைக்கு இரண்டு வீட்டு விலாசம் போட்டால் சனம் கதைக்கும்.

ரெஸ்ரோரன்றில் எனக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டும் வாங் உம்மைப் பற்றி விசாரித்தார். அவர் சீனாவில் கடற்கரை ஊர்க்காரர். கரையில் நின்றால் தாய்வான்காரரின் சின்னத் தீவு ஒன்று கண்ணுக்குத் தெரியுமாம். "அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் அது தனி வீடாகிவிடுமா?" என்கிறார். தாய்வான் பிரிந்து நிற்பது தற்காலிகம் என்றுதான் நாற்பத்தேழு வருசமாய் சீனாக்காரரும் சொல்லிவருகிறார்களாம். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

உமது கணவன்,
இக்னேசியஸ்


மார்க்கம்
20.02.1996

அன்பின் இவருக்கு,

உங்கள் கடிதம் இரண்டு நாள் பிந்தித்தான் என் கைக்கு வந்தது. உறையில் "திருமதி இக்னேசியஸ்" என்று இருந்ததால், யாருக்கோ என்று கீழ்வீட்டு அன்ரி தன்னிடமே வைத்திருந்தா. இங்கே என்னை எல்லோருக்கும் கிளடிஸ் என்றுதான் தெரியும்.

மணிபிளான்றுக்குக் கிழமைக்கு ஒருக்கால்தான் தண்ணீர். உங்கள் அன்பு அதற்கும் கூடிப்போய்விட்டது போல.

நீங்கள் வாங் சொன்னதைக் கேட்டீர்கள். நான் என் முதலாளி லின்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாய்வான்காரர், கணினி உதிரிப்பாகங்கள் அங்கிருந்துதான் எங்களுக்கு வருகின்றன. சரக்குப் படிவத்தில் நாடு என்ற இடத்தில் "தாய்வான், சீனாவின் மாகாணம்" என்று கணினி தானாகவே அச்சடிக்கும். அதற்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பின்பாதியை வெட்டுவது என் வேலை. அடிமட்டம் வைத்து, கறுப்புப் பேனையால், ஒரே கோடு. ஒரு நாளைக்கு நாற்பது படிவம். "கோடு நேராக இருக்கவேணும் கிளடிஸ். கோவத்தில கீறினது மாதிரி இருக்கக்கூடாது" என்பார் லின்.

நான் பஸ்ஸுக்காகப் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என்னை மேற்பார்வையாளராக்க லின் எங்கள் வோபர்ன் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தபோது, "அவவுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டீர்கள். நான் எட்டடி தள்ளிக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். ஆர் எடுத்தது என்றேன். "அது ஒண்டுமில்லை" என்றீர்கள். ஒரு கிழமை கழித்து, ஏன் மறுத்தாய் என்று லின் கேட்டபோதுதான் நான் மறுத்தது எனக்குத் தெரியவந்தது.

அழைப்பிதழில் என் பெயரும் என் விலாசமும் இருக்கவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கிளடிஸ்


வோபர்ன்
10.03.1996

அன்புள்ள மனைவிக்கு,

தாய்வானுக்குக் கிட்டக் கடலுக்குள் சீனா ஏவுகணை விட்டுப் பார்ப்பதை ரீவியில் காட்டினார்கள். வாங்கிடம் கேட்டேன். "ஒருத்தரையும் அடிக்கேல்லையே, தண்ணிக்குள்ளதானே விழுது" என்றுவிட்டு வெங்காயத்தை வெட்டினார்.

நானும் ஒருவரையும் அடிக்கவில்லை. லண்டனில் இருக்கும் உம்முடைய தமையனுக்கு ஒரு ரெலிபோன் எடுத்தேன். பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவ்வளவுதான்.

அழைப்பிதழ் வந்துவிட்டது. நான் கொடுத்தபடிதான் அடித்திருக்கிறார்கள்; இனி மாற்ற நேரமில்லை. உம்முடைய பக்கத்து ஆட்களுக்கென்று நூறு தனியாக அனுப்புகிறேன்.

ஒரு யோசனை. வீடு ஒன்றுதான் என்று நானும் சொல்லுகிறேன், நீரும் சொல்லும். எது அந்த வீடு என்று ஒருவரையொருவர் கேட்காமல் விடுவோம். வாங்கின் ஆட்களும் லின்னின் ஆட்களும் கொஞ்சக் காலம் இப்படித்தான் சமாளித்தார்களாம். கல்யாணத்தோடு வாரும்.

உமது கணவன்,
இக்னேசியஸ்


மார்க்கம்
31.03.1996

அன்பின் இவருக்கு,

அண்ணா ரெலிபோன் எடுத்தார். சுவாமியும் எடுத்தார். இரண்டு பேருக்கும் நான் சுகமென்று சொன்னேன்.

லின் வாக்குப் போட ஊருக்குப் போய்வந்தார். சனங்கள் தாங்களே சனாதிபதியைத் தெரிவுசெய்வது அங்கே இதுதான் முதல் தடவையாம். ஏவுகணை விடுகிற நேரம் பிளேனில் போகப் பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான். அதுக்காக எனக்குப் பதிலாய் வேற ஆள் போடேலாதே" என்றார்.

உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்தோடு வந்துவிடலாமென்று அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியைக்கூட இறக்கினேன். பிறகுதான் பார்சலை உடைத்தேன். நூறு அழைப்பிதழ், நூறு உறை. ஒவ்வொரு உறையின் பின்னாலும் "அனுப்புபவர்: திருமதி இக்னேசியஸ், வோபர்ன்" என்று உங்கள் கையெழுத்தில். எனக்கு வேலை வைக்கக்கூடாது என்று நூறு தரம் எழுதியிருக்கிறீர்கள். கை நொந்திருக்கும்.

அடிமட்டத்தை எடுத்தேன். நூறு கோடும் நேராகத்தான் வந்தன. மேலே என் பெயரையும் மார்க்கம் விலாசத்தையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். பெட்டியைத் திரும்ப அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

வழக்கறிஞர் தந்த விவாகரத்துப் பத்திரத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்தபின் கையெழுத்து வையுங்கள். அவசரமில்லை.

கிளடிஸ்


வோபர்ன்
12.05.1996

அன்பின் கிளடிஸ்,

நீர் அனுப்பிய உறையை நீக்கிலாஸ் அண்ணை கோயில் வாசலில் வைத்துக் காட்டினார். "வடிவான கோடு" என்றார்.

கல்யாணத்தன்று நீர் மண்டபத்துக்குள் வர, மற்றவர்களைப் போல உம்மையும் "வாங்கோ" என்று கூப்பிட்டேன். நீர் சிரித்தீர். இருபத்துமூன்று வருசத்தில் உம்மை நான் வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் இருக்கிற ஆளை ஏன் கூப்பிடவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்தநாள் அந்தக் கோடுகளைப் பற்றி வாங்குக்குச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய தமையன் நாற்பத்தொன்பதாம் ஆண்டில் தாய்வானுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டவராம். சீனாவுக்கும் தாய்வானுக்கும் இடையில் தபால் திறந்துவிட்ட காலத்தில் வாங் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். உறையில் "தாய்வான் மாகாணம்" என்று போடும்படி தபால்கந்தோரில் சொன்னார்கள், அப்படியே போட்டார். கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. தமையன் இப்போது இல்லை.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ வீட்டைப் பற்றித்தானே கேட்டாய். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றார்.

பத்திரத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்திருக்கிறேன். மணிபிளான்ற் புது இலை விட்டிருக்கிறது. கிழமைக்கு ஒருக்கால்தான் தண்ணீர் விடுகிறேன்.

முதலில் எடுத்த உறையில் பழக்கத்தில் "திருமதி" என்று தொடங்கிவிட்டேன். வெட்டலாமென்று அடிமட்டத்தைத் தேடினேன். இந்த வீட்டில் அடிமட்டமே இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றில் உம்முடைய பெயரை எழுதினேன். எழுதிப் பழக்கமில்லாததால் எழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இந்தமுறை கீழ்வீட்டு அன்ரி கடிதத்தை உடனேயே தந்திருப்பா.

இக்னேசியஸ்